சந்தோஷத்துக்கு எத்தனை மார்க்?

ஒவ்வொரு மார்ச் மாதமும் பேப்பரில் ஒரு சடங்கு நடக்கும். உலக மகிழ்ச்சிப் பட்டியல்! பின்லாந்து முதலிடம், இந்தியா எங்கோ அடியில். 2024-ல் 143 நாடுகளில் 126-வது, 2025-ல் 147-ல் 118-வது. உடனே ஒரு கோஷ்டி "நாடே நாசம்" என்று புலம்பும். இன்னொரு கோஷ்டி "எல்லாம் வெள்ளைக்காரன் சதி" என்று குதிக்கும். இந்த மார்க்கை எப்படிப் போடுகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு ஏணி. உச்சிப் படி 10, உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடி 0, மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹாட்லி கேன்ட்ரில் என்பவர் 1965-ல் கொண்டுவந்த கேள்வி இது. அவ்வளவுதான்.

சரி, அந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாருங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வரும் ஒடிசாக்காரரிடம் கேட்டால் "அஞ்சு" என்பார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் வேலையே இல்லை, இங்கே மாசாமாசம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடிகிறதே என்ற நிம்மதி. பக்கத்து மெஷினில் நிற்கும், டிப்ளமா முடித்த திருவள்ளூர் பையனும் "அஞ்சு" என்பான். இன்னும் காண்ட்ராக்டிலேயே வைத்திருக்கிறார்களே என்ற கடுப்பு. இரண்டு அஞ்சும் ஒன்றா? கூட்டி வகுத்தால் சராசரி வரும், அர்த்தம் வருமா?

கேட்பது யார் என்பது இன்னும் முக்கியம். சூப்பர்வைசரே பாரத்தை நீட்டி "என்னப்பா, சந்தோஷமா இருக்கியா?" என்றால், "இருக்கேன் சார்" என்பதைத் தவிர என்ன பதில் வரும்? அடுத்த மாசமும் வேலை வேண்டாமா?

இதற்கு அமர்த்தியா சென் காட்டும் ஓர் உதாரணம் உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், 1944-ல், கல்கத்தா அருகே சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம்! பெண்கள் திடகாத்திரமாக இருந்தார்களா? இல்லை. கஷ்டத்தைக் கஷ்டம் என்று சொல்லக்கூடத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தார்கள். சகிப்புத்தன்மைக்கு மார்க் போட்டுவிட்டு அதை சந்தோஷம் என்பது மோசடி.

அதற்காக மனுஷனிடம் எதையுமே கேட்காதே என்பதல்ல. 2004-ல் டேனியல் கானமன் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், நேற்றைய நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்டது. எப்போது, என்ன செய்தீர்கள், யாரோடு, மனசு எப்படி இருந்தது? வேலைக்குப் போய் வரும் பயணம்தான் மிக மோசமான நேரங்களில் ஒன்று என்று தெரிந்தது. வித்தியாசம் புரிகிறதா? மார்க்கை மட்டும் வாங்கினால் தொழிலாளிக்கு யோகா வகுப்பு எடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். நேரத்தைக் கேட்டால் பஸ் விட்டாக வேண்டும்!

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே 1-ல் வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. எந்த ஏணியும் தேவைப்படவில்லை. எத்தனை மணி நேரம் நிற்பது என்பதே கேள்வியாக இருந்தது, பதிலும் தெளிவாக வந்தது.