சாயம் போகுமா?

ஆரணியிற் பட்டெடுப்போர் வினவுவது, "சாயம் போகுமா?" என்பதே. கதிரொளியை மின்சாரமாக்கும் புதிய கரிமப் பொருள்களைக் குறித்தும் யாம் அவ்வாறே வினவுகின்றோம்.

சிலிக்கனைப் போல 1,400 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உருக்க வேண்டாது, இவற்றைக் கரைசலாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் மைபோற் பூசிவிடலாம். 1986-இல் தாங் என்பார் வெளியிட்ட கரிமக் கலம், தன்மேற் பட்ட ஒளியில் நூற்றில் ஒரு பங்களவையே மின்சாரமாக்கிற்று; இன்று ஆய்வுக்கூடங்களில் அஃது ஏறத்தாழ 20 பங்காக உயர்ந்துள்ளது. ஆயினும் ஒளியும் ஈரமும் ஆக்சிஜனும் தாக்க, இவை சிலிக்கனினும் விரைந்து வலுக்குன்றுகின்றன. வெயிலிற் பட்டின் நிறம் வெளுப்பதும் இத்தகைய சிதைவேயன்றோ?

ஆகலின், முதல்நாள் திறத்தை மட்டும் மெச்சாது, நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு வைத்துச் சோதித்தல் வேண்டும். கடன்பட்டுத் தறிவீட்டுக் கூரையிற் கலம் ஏற்றும் நெசவாளிக்கு, இரண்டாண்டிற் கெடும் மலிவு மலிவன்று. சாயம் நிலைத்த பின்னரே பட்டு விலைபெறும். கலமும் அங்ஙனமே ஆகுக.