இணைய முகவரிகள் தாமாகச் சாவதில்லை

இணையதளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினால் பழைய பக்கங்களின் முகவரிகள் செத்துத்தான் போகும் என்பது அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பத்திரிகை நிறுவனங்களிலும் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. தளத்தைக் கட்டித் தருபவர் அப்படிச் சொல்கிறார்; பணம் கொடுப்பவர் தலையாட்டுகிறார். இதற்குத் தொழில்நுட்ப அடிப்படை எதுவும் கிடையாது.

உலாவி அனுப்பும் முகவரி வெறும் எழுத்துச்சரம். அதற்கு எந்தக் கோப்பை எடுத்துத் தருவது என்பது சர்வரின் முடிவு. பின்னால் இயங்குவது வேர்ட்பிரஸ்ஸா, டிரூபலா, சொந்தமாக எழுதிய நிரலா என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பழைய முகவரியையே புதிய மென்பொருளிலும் வைத்துக்கொள்ளலாம். அது இயலாத இடத்துக்கென்றே உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின் 1996 மே மாதம் வெளியான 1.0 ஆவணத்தில் 301 என்ற பதில் எண் இருக்கிறது. ‘பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, புதிய இடம் இது’ என்பது அதன் பொருள். உலாவி அடுத்த நொடியே அங்கே போய்விடும். வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று 1998லேயே எழுதிவிட்டார். ஆக, முகவரி சாவதை விபத்து என்று சொல்ல முடியாது. யாரோ எடுத்த முடிவு அது; பெரும்பாலும், முடிவெடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எடுத்தது.

முகவரியும் ஒரு குறியீடுதான். பெயர் மாறினால் குறியீடும் மாறியே ஆக வேண்டும் என்பவர்களுக்குத் திருவனந்தபுரம் ரயில் நிலையமே பதில். 1991இல் ‘டிரிவாண்ட்ரம்’ என்ற ஆங்கில வழக்குப் பெயர் அதிகாரபூர்வமாகத் திருவனந்தபுரம் ஆனது. நிலையத்தின் குறியீடு டி.வி.சி. என்றும், விமான நிலையத்தின் குறியீடு டி.ஆர்.வி. என்றும் அப்படியே நீடிக்கின்றன. பெயர்ப்பலகை மக்களுக்கானது, குறியீடு கணக்குக்கானது என்ற வேறுபாடு அங்கே புரிந்திருந்தது.

அதே ஊரின் தும்பாவில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி உருவானது. அந்த ஏவூர்தியில் சந்திரயான்-1 ஏவப்பட்ட 2008 அக்டோபரில் இஸ்ரோவின் பக்கங்கள் ‘டாட் ஆர்க்’ என முடியும் தளத்தில் இருந்தன. பிறகு அவை ‘டாட் கவ் டாட் இன்’ தளத்துக்கு வந்தன. அதே பெயருக்குள் இன்னொரு முறை புதுப்பித்தபோது, விண்கலங்களுக்கென இருந்த அடைவின் கீழ் இருந்த பக்கங்கள் ‘டாட் எச்டிஎம்எல்’ என முடியும் வேறு பெயர்களைப் பெற்றன. ஏவூர்தி மாறவில்லை, ஏவிய நாள் மாறவில்லை; அவற்றைச் சொல்லும் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. விளைவை விக்கிப்பீடியாவில் காணலாம். இந்திய விண்வெளித் திட்டங்களைப் பற்றிய கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் பல, இஸ்ரோவின் பக்கத்துக்குப் பதிலாக அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் எடுத்து வைத்த நகலைக் காட்டுகின்றன. ஒரு நாட்டின் பொது ஆவணத்துக்கு அயல்நாட்டுத் தொண்டு நிறுவனம் காவல் இருப்பது பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு அல்ல.

‘கூகுளில் தேடினால் கிடைத்துவிடுமே’ என்பது அடுத்த சமாதானம். தேடுபொறி தேடுபவருக்குத்தான் உதவும். அச்சிட்ட நூலின் அடிக்குறிப்பு, முனைவர் பட்ட ஆய்வேடு, அரசாணையின் பிடிஎஃப், தீர்ப்பின் மேற்கோள், சுவரொட்டியின் க்யூஆர் கட்டம் ஆகியவை தேடுவதில்லை. தம்மிடம் எழுதியிருக்கும் இடத்தைக் காட்டுவதோடு சரி. 2014இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்று, தன் பல்கலைக்கழகத்தின் சட்ட இதழ்களில் தந்திருந்த சுட்டிகளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவையும், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்தவற்றில் ஏறத்தாழ பாதியும், மேற்கோள் காட்டிய செய்தியைத் தரவில்லை என்று கண்டது. பியூ ஆய்வு மையத்தின் 2024 அறிக்கைப்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் காணாமல் போயின. எல்லாமே தள மாற்றத்தால் போனவை அல்ல. ஆனால் தள மாற்றத்தால் போனவை எளிதில் தடுத்திருக்கக் கூடியவை. கூகுளும் தன் தேடல் முடிவுகளில் காட்டிவந்த சேமிப்பு நகல்களை 2024இல் நிறுத்திவிட்டது.

இருப்பதிலேயே மோசமான தீர்வு, பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. அறிக்கையில் ‘உடைந்த சுட்டிகள் இல்லை’ என்று எழுதிக்கொள்ள அது வசதி. படிக்க வந்தவருக்கோ பக்கம் இருக்கிறதா, அழிந்ததா என்றே தெரியாது. கூகுள் இத்தகைய திருப்பத்தை ‘இல்லாத பக்கம்’ என்றே பொதுவாகக் கணக்கில் வைக்கிறது. ‘பக்கம் இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லும் 404 என்ற பதில் எண் இதைவிட மேல்.

இந்திய அரசுத் தளங்கள் பலவற்றின் சுட்டிக் கொள்கையில் ஒரு வேடிக்கையான வாசகம் உண்டு. எங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் தெரிவியுங்கள், மாற்றம் வந்தால் உங்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும் என்பது அதன் சாரம். உலகில் இணைப்புக் கொடுத்தவர் ஒவ்வொருவரும் கடிதம் எழுதி, துறை ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வேண்டுமாம். சர்வரில் ஒரு வரி எழுதுவதற்கு மாற்றாக இதைக் கொள்கை என்கிறார்கள்.

தமிழ்த் தளங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. முகவரியில் தமிழ் எழுத்தை வைத்தால் யூனிகோடின் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு 9 எழுத்துகளாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் 45 எழுத்துகள். வேர்ட்பிரஸ், முகவரியில் தலைப்பு வரும் பகுதியை 200 எழுத்துகளில் வெட்டுகிறது; பிளாகர் தமிழ்த் தலைப்பைக் கைவிட்டு எண் ஒட்டிய பொதுப்பெயரை வைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது தலைப்பை வைத்து முகவரிகளைப் பொருத்த முயன்றால் குழப்பமே மிஞ்சும். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதில் முன்மாதிரி. நூல்களுக்கு வரிசை எண் தந்து, கோப்பின் பெயரிலும் அந்த எண்ணையே வைத்தது. டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாறியபோதும் எண் மாறவில்லை. திருக்குறள் இன்றும் 1தான்.

பழைய மென்பொருளைப் பாதுகாப்புக்காக அணைத்தே ஆக வேண்டும் என்ற வாதம் நியாயமானது. ஆனால் பழைய முகவரிக்குப் புதியதைக் காட்டும் பட்டியலுக்குப் பழைய மென்பொருள் ஓட வேண்டியதில்லை. சர்வரில் ஓர் உரைக்கோப்பு போதும். பழைய டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து. அதை யார் வேண்டுமானாலும் வாங்கி, அரசாணை இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வைக்கலாம். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு 410 என்ற தனி எண் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ‘நீக்கப்பட்டது’ என்பதாவது தெரியும்.

இவை எதுவும் நடக்காததற்குக் காரணம் பணி ஆணையில் இருக்கிறது. நிறம், சின்னம், மொழிகள், கைபேசிக்கு ஏற்ற வடிவம் எல்லாம் டெண்டரில் பட்டியலிடப்படுகின்றன. பழைய முகவரிகள் வருவதில்லை. சர்வர் பதிவேட்டிலிருந்தும் தள வரைபடத்திலிருந்தும் அவற்றைத் திரட்டி ஒப்பந்தத்தில் இணைப்பாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு முகவரியையும் நிரல் வைத்துத் தட்டிப் பார்த்து, உரிய பக்கமோ 301ஓ 410ஓ வந்த பிறகே கடைசித் தவணையைப் பட்டுவாடா செய்யலாம்.