இரண்டு மீன் போதும்

பெங்களூருக்குக் கடல் இல்லை. கிழக்கே சென்னைக் கடற்கரையும் மேற்கே மங்களூர்க் கடற்கரையும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் வாழும் நமக்குக் கடலின் மீதுள்ள ஆசை மட்டும் குறைந்தபாடில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வரவேற்பறைகளில், நீல விளக்கொளியில், கோமாளி மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டிகளை இப்போது அடிக்கடி காண முடிகிறது. 2003-இல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அந்த மீனை வீட்டிலேயே காட்ட விரும்புகிறது. இவ்விருப்பத்தில் தவறொன்றும் இல்லை. தொட்டியை வாங்கிய மறுவாரமே அதை நிரப்பிவிட வேண்டும் என்று நாம் காட்டும் அவசரத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவற்றின் வழியாகவே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டடி நீளமுள்ள தொட்டி ஒன்றை அமைத்தேன். ஒரே மாதத்தில் அதில் ஏழு மீன்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு முறை கடைக்குச் செல்லும்போதும், “இன்னும் ஒன்று விடலாம், சார், தாங்கும்” என்றார் விற்பனையாளர். எனக்கும் அதைக் கேட்கவே பிடித்திருந்தது. தொட்டியும் தாங்கிற்று, மே மாதத்து மழையிரவு ஒன்றில் மின்சாரம் போகும் வரையில். விடியும்போது ஏழில் ஐந்து மீன்கள் இறந்து கிடந்தன. அவற்றை எண்ணிக்கொண்டு நின்ற என் மகள், “அப்பா, நேற்று நன்றாகத்தானே இருந்தன?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

முதலில் எளிய கணக்கு ஒன்று. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு இரண்டு கன அடி; அதாவது சுமார் 56 லிட்டர். மேலே விட்டுவைக்கும் இடம், அடியில் பரப்பும் மணல், நடுவில் அடுக்கும் பாறை ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சும் நீர் 40 லிட்டருக்குச் சற்றே அதிகம். குளியலறை வாளியில் இரண்டு வாளி. மீன் உண்பதும் கழிவதும் மூச்சுவிடுவதும் இந்த இரண்டு வாளி நீரில்தான். கடலிலோ கழிவு நொடியில் கரைந்து விலகிவிடும்.

மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பாறையிலும் மணலிலும் வளரும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிரிகள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பின்னரும், இருக்கின்ற மீன்களின் கழிவுக்கு ஏற்ற அளவில்தான் அவை பெருகியிருக்கும். ஒரே நாளில் மூன்று மீன்களைக் கூட்டினால் அவற்றால் ஈடுகொடுக்க இயலாது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடல்நீர் காரத்தன்மை மிகுந்தது. அதன் பிஎச் அளவு 8.2-ஐ ஒட்டியிருக்கும். பிஎச் 7 உள்ள நன்னீருடன் ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாகச் செயல்படும் பங்கு கடல்நீரில் ஏறக்குறைய 10 மடங்கு. தங்கமீன் தொட்டியில் பொறுத்துக்கொள்ளப்பட்ட கவனக்குறைவு கடல்மீன் தொட்டியில் பொறுக்கப்படுவதில்லை.

அடுத்தது மூச்சு. 25 டிகிரி வெப்பத்தில், கடல்மட்டத்தில், ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உப்பு கலந்த கடல்நீருக்கு அந்த வரம்பு 6.8 மில்லிகிராம் அளவே. காற்றழுத்தம் குறைந்த பெங்களூரின் உயரத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சென்னையில் இருக்கும் நண்பர் ஐந்து மீன் வைத்திருக்கிறார் என்பதால் நாமும் வைக்கலாம் என்று எண்ணுவது சரியாகாது. பம்பு ஓடும் வரையில் இந்தக் குறை தெரிவதில்லை. பம்பு நின்றதும், நீர்ப்பரப்பின் அசைவும் நின்று, காற்று கலப்பது குறைகிறது. மீன்களுடன் நுண்ணுயிரிகளும் அதே உயிர்வாயுவைத்தான் பங்கிடுகின்றன. இரண்டு மீன்கள் கடந்துவிடக்கூடிய இரவை ஏழு மீன்களால் கடக்க முடிவதில்லை. என் மகளின் கேள்விக்கு விடை இதுதான்.

“பெரிய வடிகட்டி வைத்தால் போதாதா?” என்று சிலர் கேட்பர். நல்ல வடிகட்டி தேவைதான். பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் தேவைதான். ஆயினும் அவை நீரின் அளவைக் கூட்டுவதில்லை. இயந்திரத்தை நம்பிக் கூட்டிய ஒவ்வொரு மீனும் அந்த இயந்திரம் பழுதாகாது என்னும் நம்பிக்கையில் வாழ்கிறது.

வளர்ச்சியையும் எண்ண வேண்டும். படத்தில் வரும் நீல டேங் மீன் கடையில் இரண்டு அங்குலத்தில் கிடைக்கும். முழு வளர்ச்சியில் ஓரடி நீளம் எட்டும். இரண்டடித் தொட்டியில் அதற்குத் திரும்பவே இடம் இராது. டாம்செல் மீன்கள் சிறியவை, விலையும் மலிவு. ஆனால் தம் எல்லைக்காகக் கடுமையாகச் சண்டையிடுபவை. தோற்ற மீனுக்கு ஓடி ஒளிய கடலில் இடம் உண்டு. தொட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடி.

ஆகவே இரண்டடித் தொட்டிக்கு என் பரிந்துரை ஒரு சோடிக் கோமாளி மீன், அவ்வளவே. வெறுமையாகத் தோன்றும் என்று அஞ்ச வேண்டாம். சோடியில் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் அமையும். பெண் இறந்தால் ஆண் மீனே பெண்ணாக மாறும் வியப்பு இவ்வினத்தில் உண்டு. மூன்றாவதாக ஓர் உயிர் வேண்டுமெனில் சில மாதங்கள் பொறுத்து, சிறிய கோபி மீன் ஒன்றை அதன் தோழனான சுடும் இறாலுடன் விடலாம். இறால் வளை தோண்டும். கண்பார்வை குறைந்த அதற்கு மீன் வாசலில் நின்று காவல் காக்கும். கூட்டம் நிறைந்த தொட்டியில் இக்காட்சியைக் காண இயலாது.

வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் நுட்பத்தை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் நம் நாட்டில் நிலைநாட்டியுள்ளன. கடலிலிருந்து பிடிக்கப்பட்டதைக் காட்டிலும் வளர்ப்புப் பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்கு எளிதில் பழகும், பவளப்பாறைகளுக்கும் இழப்பில்லை. உயிருள்ள பவளமும் கடற்குதிரையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. நம் கடலிலிருந்து எடுத்த அவற்றை யார் விற்க முன்வந்தாலும் வாங்குவது குற்றம்.

இவ்விதழின் வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. மாதத் தவணை எவ்வளவு தாங்கும் என்பதை ஊக்கத்தொகை வந்த மாதத்தை வைத்து முடிவு செய்யும் குடும்பம் விரைவில் இடர்ப்படும். மருத்துவச் செலவு வந்த மாதத்தை வைத்துக் கணக்கிடும் குடும்பம் நிலைத்து நிற்கும். தொட்டியின் தாங்குதிறனையும் அவ்வாறே, மின்சாரம் இல்லாத ஓர் இரவை மனத்தில் வைத்து மதிப்பிட வேண்டும். கடனைப் பொறுத்தவரை, தவறினால் துன்பம் நமக்கு. தொட்டியைப் பொறுத்தவரை, தவறு நம்முடையது, உயிர் மீனுடையது.

என் தொட்டியில் இப்போது இரண்டு மீன்கள் இருக்கின்றன. சென்ற கோடையில் இரவு மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. காலையில் இரண்டும் தீனிக்காகக் கண்ணாடியருகே வந்து நின்றன. மகள் இம்முறையும் எண்ணிப் பார்த்தாள்.