டூரிஸ்ட் விசாவுல சேவை செய்யலாமா?

செமஸ்டர் லீவு நெருங்கினால் நம்ம இன்பாக்ஸ்ல ரெண்டு விதமான மெயில் வரும். ஒன்று இன்டர்ன்ஷிப். இன்னொன்று, 'ஆறு வாரம் வெளிநாட்டில் வாலன்டியர் பண்ணுங்க, உலகத்தை மாத்துங்க' என்பது. போகிறதுக்கு நான் எதிரி இல்லை. தெரியாத ஊர்ல பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துட்டு வந்த சீனியர்கள் பேசுறதைக் கேட்டால் நமக்கே ஆசை வரும். ஆனால் இந்த மாதிரி வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வர்ற ஒரு வரி இருக்கு: "டூரிஸ்ட் விசா போதும். இமிகிரேஷன்ல கேட்டா சுத்திப் பார்க்க வந்தேன்னு சொல்லிடுங்க."

இந்த வரியைப் பார்த்த உடனே அந்த ப்ரோக்ராமை விட்டுடுங்க. இதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

"சம்பளமே வாங்கல, அப்புறம் அது எப்படி வேலை ஆகும்?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா பதில் சொல்ல வேண்டியது நீங்க போகிற நாட்டின் சட்டம். தான்சானியாவில் வாலன்டியர்களுக்கு 'கிளாஸ் சி' என்று தனி ரெசிடென்ஸ் பெர்மிட் இருக்கு. இங்கிலாந்தில் விசிட்டர் விசாவில் போனவர், பதிவு பெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரைக்கும் தன்னார்வப் பணி செய்யலாம். அதுக்கு மேல வேணும்னா சேரிட்டி வொர்க்கர் விசா, அதுக்கு அங்கிருக்கிற அமைப்பே ஸ்பான்சர் பண்ணணும். நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேண்டாம். ஒரே வேலை, மூணு நாடு, மூணு விதமான பேப்பர். அதனால "போன வருஷம் நான் இப்படித்தான் போனேன்" என்று வேறொரு நாட்டுக்குப் போன சீனியர் சொல்றது உங்களுக்கு உதவாது.

மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பலாம். கட்டின டிக்கெட் காசு போச்சு. அதைவிடப் பெரிசு, நம்ம வயசுல இருக்கிற இன்னொரு விஷயம். நம்மில் பாதிப் பேர் எம்.எஸ். கனவோட இருக்கோம். கனடா, இங்கிலாந்து விசா ஃபார்ம்களில், எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கா, உள்ளே விடாம திருப்பி அனுப்பியிருக்கா என்று கேட்பாங்க. ஆறு வாரத்துக்காகச் சொன்ன ஒரு பொய், ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் கட்டத்துல வந்து உட்காரும். "சொல்லிடுங்க" என்று மெசேஜ் போட்ட கோஆர்டினேட்டர் அப்போ அந்த குரூப்லயே இருக்க மாட்டார்.

விசா சரி, அதுக்கு முன்னாடி நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. நம்ம பேர்! பத்தாவது மார்க்‌ஷீட்ல 'கார்த்திக் எஸ்'. ஆதார்ல 'எஸ் கார்த்திக்'. பாஸ்போர்ட் ஃபார்ம்லயோ கிவன் நேம், சர்நேம் என்று ரெண்டு கட்டம். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இருக்கிறது அப்பா பேரின் முதல் எழுத்து. சர்நேமை வெறுமையா விட்டா என்ன என்று தோணும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவிச்சது. அப்பா பேரோ குடும்பப் பேரோ பாஸ்போர்ட்டின் உள்ளே இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினாங்க. அமெரிக்க விசாவில் கிவன் நேம் இல்லாதவர்களுக்கு அந்த இடத்துல 'எஃப்என்யூ' என்று அச்சிடுறாங்க. கிவன் நேம் தெரியலன்னு அர்த்தம். பிறந்ததுலேர்ந்து கூப்பிடுற பேர் நமக்கு இருக்கு, விசாவுக்கு மட்டும் இல்லை!

இதுல நம்ம தப்பு ஒண்ணும் இல்லை. இனிஷியல் நம்ம வழக்கம், அதை மறைக்கவும் வேண்டாம். ஆனா இனிஷியலை எப்படி விரிக்கிறது என்று ஒருமுறை வீட்டுல உட்கார்ந்து முடிவு பண்ணி, பாஸ்போர்ட், டிக்கெட், இன்விடேஷன் லெட்டர், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் எழுத்து மாறாம அதையே போடுங்க.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடலாம். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கலில் போனா இன்னும் 2,000. முன்னாடியே யோசிச்சா அந்த 2,000 மிச்சம். நீங்க எழுதுற அட்ரஸுக்குத்தான் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும், அதனால ஹாஸ்டலா வீடா என்று யோசிச்சு எழுதுங்க. பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லணும்னு கேட்கும். உகாண்டா, கானா மாதிரி நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. அது இல்லாம திரும்பி வந்தா, நம்ம ஊர் ஏர்போர்ட்லயே 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். நேபாளத்துக்கு விசா வேண்டாம்னு சொன்னேன்ல, அதுக்காக ஆதாரோட கிளம்பிடாதீங்க. நம்ம வயசுக்காரங்களுக்கு அங்கே ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேணும்.

"இவ்வளவு பார்த்தா யாருமே போக முடியாது" என்று சிலர் சொல்றாங்க. ஆறு வார வேலைக்குத் தனி விசா எடுக்கிறது செலவும் அலைச்சலும்தான், மறுக்கல. ஆனா நம்மள கூப்பிடுற அமைப்புக்கு அந்த ஊர்ல சட்டப்படி ஆள் கூப்பிட முடியலன்னா, அங்கே பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கிறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நம்ம பேப்பரையே சரியாப் பார்க்காதவங்க, அந்தப் பிள்ளைகளோட பாதுகாப்பை மட்டும் சரியாப் பார்ப்பாங்களா?

அதனால ஜூனியர்ஸ், பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி மெயில்ல அனுப்புங்க. நான் எந்த வகை விசாவில் வரணும்? அந்த விசாவில் இந்த வேலைக்கு அனுமதி இருக்கா? இன்விடேஷன் லெட்டர்ல என் வேலை என்னன்னு உள்ளபடி எழுதுவீங்களா? பதில் போன்ல வேண்டாம், எழுத்துல வாங்குங்க. தூதரகத்தோட வெப்சைட்ல அதை ஒருமுறை சரி பாருங்க.

பதில் வரலன்னா அந்தக் காசு உங்க கையிலயே இருக்கட்டும். அடுத்த லீவுக்கு வேற நல்ல இடம் கிடைக்கும்.