படத்தில் நிற்கும் வேப்பமரம்

சென்ற மாதம் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பக்கத்தில்தானே கம்மாபுரம் என்று அத்தையையும் பார்த்துவிட்டு வந்தேன். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக் கொண்டிருந்தபோது, காலேஜில் படிக்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் நாலு வர்ணப் படங்கள்.

"ஆயா, இந்த நாலு வீட்டிலே உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள் ஒருத்தி.

அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு மூன்றாவது படத்தைத் தொட்டாள். 'தட்டையான கான்கிரீட் கூரை' என்று எழுதிக் கொண்டு பெண்கள் கிளம்பினார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"அதிலே என்ன விசேஷம், அத்தே?"

"வாசல்லே வேப்பமரம் நிக்குதே, நீ பாக்கலியா? வீடு நாலும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது!"

2011 டிசம்பர் 30ந் தேதி அடித்த தானே புயலில் அத்தை வீட்டு வேம்பு சாய்ந்து விட்டது. அதற்கப்புறம் அந்த வாசலில் நிழலே இல்லை.

படத்தைக் காட்டிக் கேட்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல யோசனைதான். 'முந்நூறு சதுர அடி' என்றால் நம்மில் எத்தனை பேருக்குக் கண்ணில் தோன்றும்? படம் என்றால் எழுத்துத் தெரியாதவரும் பதில் சொல்லலாம். அமெரிக்காவில் ஆண்டன் நெலஸன் என்ற நகரமைப்பு நிபுணர் 1970களின் கடைசியிலேயே இதை ஒரு முறையாக வகுத்தார். தெருக்களையும் வீடுகளையும் திரையில் காட்டுவார். ஜனங்கள் பிடித்ததற்குப் பத்து வரையிலும், பிடிக்காததற்குக் கழித்தல் பத்து வரையிலும் மார்க் போடுவார்கள். ஆனால் நல்ல வெயிலும் பூச்செடியும் உள்ள படத்துக்கு மார்க் கூடிவிடுகிறது என்ற குறையும் கூடவே எழுந்தது. அத்தை சொன்னதும் அதுதானே?

இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை, சகோதரிகளே. 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி வந்து போனபின் நம் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கான்கிரீட் வீடுகள் எழும்பின. வீடு கிடைத்தது பெரிய காரியம். ஆனால் பல இடங்களில் மனையைச் சமன் செய்ய நின்ற மரங்களையும் வெட்டி விட்டார்கள். வலை பின்னவும், குழந்தையைத் தூங்க வைக்கவும், வம்பு பேசவும் இருந்த நிழல் போயிற்று. அந்தக் குடியிருப்புகளைப் பற்றி 2013ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கு, செசில் நைமி-காஸர் என்பவர் 'நினைவில் நிற்கும் மரங்கள்' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்திருக்கிறார்.

ஆகையால் படம் காட்டுகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. மரம் வைத்தால் நாலு படத்திலும் வையுங்கள். இல்லாவிட்டால் நாலிலும் எடுத்து விடுங்கள். வீட்டின் முகத்தை மட்டும் காட்டாமல் அடுப்படியையும் கொல்லைப்புறத்தையும் காட்டுங்கள். எது பிடித்தது என்று கேட்ட வாயாலேயே, ஏன் என்றும் கேளுங்கள். அதுவும் அந்த வீட்டில் பகல் முழுதும் இருக்கப் போகிறவளைக் கேளுங்கள். சித்திரை மாதத்துப் பிற்பகலில் கான்கிரீட் தளம் இறக்கும் அனல் எந்தப் படத்திலும் விழாது; அவளுக்குத்தான் தெரியும்.

பட்டணத்தில் அடுக்குமாடி விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். படத்தில் தெரியும் பச்சைப் புல்லையும் நீல வானத்தையும் ஒரு கையால் மறைத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் வருமா, துணி எங்கே உலர்த்துவது, சமையலறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள். தெருமுனை வரை போனவர்கள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் 'மரம்' என்று எழுதிக் கொண்டு போனார்கள்.