கோரிக்கை மனு: கையெழுத்துக்கு முன் ஆலோசனை வேண்டும்

அனுப்புநர்: செயலாளர், களப்பணியாளர்கள் சங்கம், சென்னை.

பெறுநர்: மாவட்டத் திட்ட அதிகாரி அவர்கள்.

பொருள்: அதிக இடர் பிரிவினருக்கான எச்.ஐ.வி. பரிசோதனை முகாம்களில் ஒப்புதல் பெறும் முறை – தொடர்பாக.

பார்வை: எங்களது முந்தைய மூன்று மனுக்கள் (பதில் வரப்பெறவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

பாலியல் தொழிலாளர், திருநங்கையர், ஓரினச் சேர்க்கையாளர், ஊசிவழி போதைப்பொருள் எடுப்போர் ஆகியோரிடையே வேலை செய்பவர்கள் நாங்கள்.

முதல் மனுவில் பணிவோடு கேட்டோம். இரண்டாவதில் முதல் மனுவின் நகலை இணைத்தோம். மூன்றாவதில் அவ்விரண்டையும் இணைத்தோம். இதில் மூன்றும் உள்ளன. ஜெராக்ஸ் கடைக்காரர் இப்போது எங்களிடம் எத்தனை பக்கம் என்று கேட்பதில்லை.

1. முகாம்களில் ஆலோசனைக்கு முன்பே கையெழுத்து வாங்குவதை நிறுத்த வேண்டும்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, கடந்த 10.9.2018 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இன்றி எவருக்கும் பரிசோதனை செய்யக் கூடாது என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் தரும் ஆலோசனை அந்த ஒப்புதலுக்குள்ளேயே அடங்கும் என்றும் சொல்கிறது. ஆக, ஆலோசனை இல்லாத கையெழுத்து ஒப்புதலே ஆகாது. 6-ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. மாதக் கடைசி டார்கெட் அதில் இல்லை.

நடப்பது இது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஷாமியானா, ஒரு மேசை, படிவக் கட்டு, மைப்பெட்டி. கைநாட்டு வைத்த விரலின் ஈரம் காயுமுன் அடுத்த விரலில் ஊசி. வரிசை முழுக்கக் காது கொடுத்து நிற்க, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்பார்கள். "இல்லீங்க." ஆலோசனை முடிந்தது. பக்கத்துத் தெருக்காரர் பின்னால் நிற்கும்போது யார் சந்தேகம் கேட்பார்?

தொற்றி ஒருசில வாரங்களே ஆகியிருந்தால் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதைச் சொல்ல அங்கே ஆளில்லை. "ஒண்ணுமில்லை, போலாம்" என்ற சொல்லை நம்பிப் போகிறார்கள்.

பயந்தவர்கள் பொய்ப் பெயர் தருகிறார்கள். அப்படி ஓர் அக்காவுக்கு முதல் கட்டத்தில் தொற்று தெரிந்தது. உறுதிப் பரிசோதனைக்காக நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப்போகத் தேடினோம். அந்தப் பெயரில் அந்தத் தெருவில் யாருமே இல்லை. பதிவேட்டில் ஓர் எண் கூடியது. கூட்டு மருந்து சிகிச்சைக்கு ஒருவர் வராமல் போனார். இதைத்தான் சாதனை என்று மேலே அனுப்புகிறோம்.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் இதே சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில்தான் கண்டறியப்பட்டது. அன்று இந்தச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது.

எனவே: மறைப்பு உள்ள இடத்தில் தனி ஆலோசனை முதலில், கையெழுத்து அதன் பிறகு. வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது, அவருக்கு ஆணுறை தருவதையும் நிறுத்தக் கூடாது. எங்கள் மதிப்பூதியத்தைப் பரிசோதனை எண்ணிக்கையோடு முடிச்சுப் போடுவதைக் கைவிட வேண்டும். அந்த முடிச்சுதான் எங்களையும் ஆள்பிடிக்க வைக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

2. இரவில் வேலை செய்பவர்களுக்காக, வாரம் இரு நாளாவது நம்பிக்கை மையங்கள் மாலையில் திறந்திருக்க ஆவன செய்ய வேண்டும்.

3. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 19.5.2022 உத்தரவைக் காவல் நிலையங்களுக்கு நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பக் கோர வேண்டும்.

4. களப்பணியாளர் பயணப்படியை உயர்த்தி வழங்க வேண்டும்.

5. முகாம்களில் 1097 உதவி எண்ணைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

இம்மனுவைக் கொண்டுவருபவர், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்வரை தங்கள் அலுவலக வராந்தாவிலேயே காத்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்