ஷானனில் நின்ற விமானங்கள்

குழந்தைகளே, அட்லஸில் ஐரோப்பா பக்கத்தைத் திருப்புங்கள். இங்கிலாந்துக்கு மேற்கே அயர்லாந்து என்ற தீவு நாடு தெரிகிறதா? அதன் கிழக்குக் கரையில் தலைநகர் டப்ளின். மேற்கு ஓரத்தில் ஷானன் என்ற சின்ன ஊர். அமெரிக்காவிலிருந்து டப்ளினுக்கு வரும் விமானங்கள் பல ஆண்டுகள் ஷானனில் ஒருமுறை தரையிறங்கிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஏன் தெரியுமா?

முதலில் அதற்குக் காரணம் எரிபொருள். 1940களின் விமானங்களால் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வெகுதூரம் போக முடியாது. கடலைத் தாண்டியதும் ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். அதுவரை பயணிகள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று 1947-ல் அங்கே ஒரு கடை திறந்தார்கள். விமான நிலையங்களில் வரியில்லாமல் பொருள் விற்கும் கடைகள் உண்டல்லவா? உலகிலேயே முதல் கடை அதுதான்.

பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. கடலை ஒரே மூச்சில் தாண்டி லண்டனுக்கும் பாரிசுக்கும் பறந்தன. அயர்லாந்துக்குப் போகும் விமானங்கள் மட்டும் வழக்கம்போல ஷானனில் நின்றன. இப்போது அவற்றை நிறுத்தியது எரிபொருள் அல்ல, ஒப்பந்தம்!

வானத்துக்கு வேலி கிடையாது என்றுதானே நினைக்கிறோம்? 1944-ல் சிகாகோ நகரில் உலக நாடுகள் கூடி, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் மேலே உள்ள வானம் முழுக்கச் சொந்தம் என்று எழுதி வைத்துவிட்டன. ஆகவே எந்த நிறுவனம், எந்த ஊருக்கு, எத்தனை முறை பறக்கலாம் என்பதை நாடுகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யும். அப்படிப் பேசும்போது ஷானனில் நின்றே ஆக வேண்டும் என்பதில் அயர்லாந்து உறுதியாக இருந்தது. அந்த நிறுத்தத்தை நம்பி மேற்குப் பகுதியில் தொழிற்சாலைகள், விடுதிகள், வேலைகள் உருவாகியிருந்தன.

டப்ளின் பயணிக்கோ எரிச்சல். வீட்டை நெருங்கும் நேரத்தில் இன்னொரு முறை இறங்கி ஏறுவதா? அவர் கோபமும் நியாயம்தான். 1993-ல் அரசு சற்று விட்டுக்கொடுத்தது. டப்ளினுக்குச் சில விமானங்கள் நேரே போகலாம், ஆனால் ஷானனுக்கும் பங்கு உண்டு என்றது.

2007 ஏப்ரலில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 'திறந்த வானம்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒன்றியத்து விமான நிறுவனங்கள் ஒன்றியத்தின் எந்த ஊரிலிருந்தும் அமெரிக்காவின் எந்த ஊருக்கும் பறக்கலாம். 2008 மார்ச் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஷானன் கட்டாயமும் அதோடு முடிந்தது.

லண்டனில் இதே ஒப்பந்தம் வேறு விதமாக வேலை செய்தது. அதுவரை ஹீத்ரு விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பறக்க, இரு நாடுகளின் நிறுவனங்களில் நான்குக்கு மட்டுமே அனுமதி. கதவு திறந்தது, ஆனால் ஓடுபாதையில் இடம் இல்லை. கான்டினென்டல் என்ற அமெரிக்க நிறுவனம், இறங்கி ஏறும் நேர உரிமை நான்கு ஜோடிக்கு 20.9 கோடி டாலர் கொடுத்தது. வெறும் நேரத்துக்கு இவ்வளவு விலை!

ஷானனுக்குத் திரும்புவோம். பைபாஸ் சாலை வந்ததும் பேருந்துகள் ஊருக்குள் வராமல் போவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். 2007-ல் சுமார் 36 லட்சம் பயணிகள் வந்த நிலையத்துக்கு 2012-ல் வந்தவர்கள் சுமார் 14 லட்சம். ஒப்பந்தத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் அயர்லாந்தின் பொருளாதாரமே சரிந்திருந்தது.

ஷானன் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் இறங்கியபின் நடக்கும் கடவுச்சீட்டு, சுங்கச் சோதனைகளை 2009 முதல் ஷானனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அதே ஆண்டு லண்டன் நகருக்குள் இருக்கும் குட்டி விமான நிலையத்திலிருந்து 32 இருக்கை விமானம் ஒன்று நியூயார்க்குக்குப் புறப்பட்டது. அங்கே ஓடுபாதை குட்டை. நிறைய எரிபொருளோடு கிளம்ப முடியாது. அதனால் ஷானனில் இறங்கும். எரிபொருள் நிரம்புவதற்குள் பயணிகள் சோதனையை முடித்துவிடுவார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலே 2020 வரை அந்த விமானம் அங்கே நின்று போனது.